ராத்திரியில் கால் வலியா? மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள்!

ராஜபாளையத்தில் கபடி ஆடிவிட்டு வீடு திரும்பும் பையன், "கால் வலிக்குதும்மா" என்றால் நாம் என்ன சொல்வோம்? "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று தைலம் தேய்த்துவிடுவோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் வாரக்கணக்கில் ஒரே காலில், ஒரே இடத்தில் வலித்து, ராத்திரியில் தூக்கத்தையே கெடுத்தால் கொஞ்சம் கவனியுங்கள்.

இந்த வலிக்கு 'ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா' என்ற எலும்புக் கட்டி காரணமாக இருக்கலாம். அரிதான கட்டிதான், ஆனால் இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. 1935-இல் ஹென்றி ஜாஃபே என்ற அமெரிக்க மருத்துவர் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். 5 முதல் 25 வயதுக்குள்தான் அதிகம் வருகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்குக் கூடுதல். தொடை எலும்பிலும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலும் அடிக்கடி காணப்படும்.

இத்தனை சின்னதா, இவ்வளவு வலியா?

கட்டியின் மையப்பகுதி பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அது 'புராஸ்டகிளாண்டின்' என்ற வேதிப்பொருளை அதிகம் சுரக்கிறது. வலிக்குக் காரணம் அதுதான். இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பைக் குறைப்பதால் வலி சட்டென அடங்கும்.

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். "மாத்திரை போட்டா சரியாகுதே" என்று மாதக்கணக்கில் மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கிறோம். உண்மையில், மாத்திரைக்கு அடங்கி மறுபடி ராத்திரியில் வரும் வலி, மருத்துவருக்கு முக்கியமான துப்பு. மறக்காமல் அதைச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து மாத்திரை போட்டால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கலாம்.

எங்கே போவது?

முதலில் ராஜபாளையம் அல்லது ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் கட்டி சில நேரம் தெரியாது. வலி நீடித்தால் "எக்ஸ்ரே நார்மல்" என்று நின்றுவிட வேண்டாம். சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். மேல்சிகிச்சைக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் உள்ளன.

சிலருக்குக் கட்டி சில ஆண்டுகளில் தானாகவே அடங்கிவிடும். வலி தாங்க முடியாதவர்களுக்கு, ஸ்கேன் உதவியோடு ஊசி போன்ற கருவியைச் செலுத்தி, சுமார் 90 டிகிரி வெப்பத்தில் சில நிமிடங்களில் கட்டியைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் வருமா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.

உடனே போக வேண்டியது எப்போது?

வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால், காய்ச்சல் இருந்தால், எடை குறைந்தால், நொண்டி நடந்தால், முதுகு வலியோடு முதுகெலும்பு வளைந்தால் நாள் தள்ளாதீர்கள். வேறு தீவிர நோயாகவும் இருக்கலாம்.

பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஆனால் இந்த வலி கட்டுப் போட்டால் போகாது, தேய்த்துவிட்டாலும் போகாது. எத்தனை மணிக்கு வலிக்கிறது, மாத்திரை போட்டபின் எவ்வளவு நேரம் அடங்குகிறது என்று இன்று முதல் ஒரு வாரம் உங்கள் போனில் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பாருங்கள்.