ஏழில் பாதி எவ்வளவு?

ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடும் ஆட்டம் என்றதும், டென்னிஸ், இறகுப்பந்து ஆகியவற்றின் கலப்பு இரட்டையர் போட்டிகளே நம் நினைவுக்கு வரும். அங்கே அணிக்கு இருவர். ஆண் ஒருவர், பெண் ஒருவர். கணக்கு எளிது. அணிக்கு எழுவர் என்றால்? ஏழில் பாதி மூன்றரை. அரை ஆளைக் களத்தில் இறக்க முடியாதே!

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லிலும் சென்னைக் கடற்கரையிலும் 'அல்டிமேட்' என்னும் ஆட்டத்தைக் கலப்பு அணிகள் ஆடி வருகின்றன. 1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலப் பள்ளி மாணவர்கள் தோற்றுவித்த ஆட்டம் இது. 175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டை எறிந்து எறிந்து முன்னேறி, எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பிடித்தால் ஒரு புள்ளி. ஒரு புள்ளி கிடைக்கும் வரை ஆடுவதை ஒரு சுற்று எனக் கொள்வோம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிற்சி பெறுவது புதுச்சேரிக்குப் புதிதன்று. 1943-இல் தொடங்கப்பட்ட அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில், சிறுவருக்கும் சிறுமியருக்கும் ஒரே உடற்பயிற்சித் திட்டம் என்பதே கொள்கை. ஆனால் ஒருவரையொருவர் வெல்ல முயலும் போட்டியில் நல்லெண்ணம் மட்டும் போதாது, விதியும் வேண்டும்.

'குறைந்தது மூன்று பெண்கள்' என விதி வகுத்தால் என்ன ஆகும்? வெற்றியை விரும்பும் அணிகள் மூவரோடு நிறுத்திக்கொள்ளும். குறைந்த அளவே நிலையான அளவாகிவிடும். ஆகவே ஒரு சுற்றில் நான்கு பெண்கள், மூன்று ஆண்கள். மற்றொன்றில் மூன்று பெண்கள், நான்கு ஆண்கள் என இரு அணிகளும் ஒருசேர மாற்றிக்கொள்ள வேண்டும். இரு சுற்றுகளில் பதினான்கு இடங்கள். பெண்களுக்கு ஏழு, ஆண்களுக்கு ஏழு.

எந்த வரிசையில் மாற்றுவது? பெண்கள் மிகுந்த சுற்றைப் 'பெ' என்றும், ஆண்கள் மிகுந்ததை 'ஆ' என்றும் குறிப்போம். பெ, ஆ, பெ, ஆ என்பதே இயல்பாகத் தோன்றும். இங்குதான் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் அணிகள் பக்கம் மாறுகின்றன. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதற்சுற்றில் கிழக்கே நிற்கும் அணி, பெண்கள் மிகுந்தபோதெல்லாம் காற்றோடும், ஆண்கள் மிகுந்தபோதெல்லாம் காற்றை எதிர்த்தும் எறிய நேரிடும். எதிரணிக்கோ இதற்கு நேர்மாறு!

உலகப் பறக்கும் தட்டுக் கூட்டமைப்பின் விதிகளில் ஒன்று வேறு வரிசையைத் தருகிறது: பெ, ஆ, ஆ, பெ, பெ, ஆ, ஆ, பெ. முதற்சுற்றுக்குப் பின் இரண்டிரண்டு சுற்றுக்கு ஒருமுறை மாற்றம். முதல் நான்கு சுற்றுகளை எழுதிப் பாருங்கள். கிழக்குப் பக்கத்தில் ஒரு பெ, ஒரு ஆ, மேற்கிலும் அவ்வாறே. பௌதிகத் தராசின் கைகள் சமமாக இல்லாவிடில் பொருளைத் தட்டு மாற்றி இருமுறை நிறுக்கிறோம் அல்லவா? அதே தந்திரம்தான் இதுவும்.

களத்தில் சமன் செய்தால் மட்டும் போதுமா? பதினால்வர் கொண்ட அணியில் பத்து ஆண்கள், நான்கு பெண்கள் எனக் கொள்வோம். 100 நிமிட ஆட்டத்தில் ஓர் ஆண் சராசரி 35 நிமிடம் ஆடினால் போதும். ஒரு பெண்ணோ ஏறத்தாழ 87 நிமிடம் ஓட வேண்டும். ஒருத்திக்குக் கால் சுளுக்கினால் பெ சுற்றுக்கு ஆள் இல்லை. கடைசியில், 'பெண்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை' என்ற பழி வேறு! குறை உடலில் இல்லை. பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. ஏழு பெண்கள், ஏழு ஆண்கள் என்றால் ஆளுக்கு 50 நிமிடம். எனவே லீக் போட்டி நடத்துவோர், அணிகளைப் பிரிக்கும்போதே முதலில் பெண்களைச் சமமாகப் பங்கிட்டுவிடுவது நல்லது.

உங்கள் கல்லூரி மைதானத்தில் ஐவர் ஆடும் கலப்பு அணிகளை அமைத்துப் பாருங்கள். அணிக்குப் பத்துப் பேர். அவர்களுள் பெண்கள் மூவர் மட்டுமே எனில், ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் ஓடுவர்? விடை கண்டபின் பட்டியலைத் திருத்துங்கள்.