விளம்பரத்தை அனுபவ உரையென்று நம்பி ஏமாந்தவர்களுக்கு

அந்த வாரம் ஊரெல்லாம் முணுமுணுக்கும் ஒரு பாட்டுக்கு அசைந்தபடியே, பிரபலமான ஒருவர் இன்ஸ்டாகிராமில் ஒரு கூந்தல் தைலத்தைக் காட்டி, 'நான் தினமும் உபயோகிப்பது இதுதான்' என்று சொல்லிவிட்டால், அன்றிரவே பணத்தை அனுப்பிவிட்டு, தலையில் அரிப்புக் கண்ட பிறகு அந்தக் காணொளியின் கீழே நாலு வசவு எழுதி, பில்லையும் பார்சல் உறையையும் குப்பையில் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறவர்களை ஓயாமல் பார்க்கிறேன். வசவினால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. குப்பையில் போனதோ அவர்களுடைய வழக்கின் ஆதாரம்.

பணமோ, இலவசப் பொருளோ, உல்லாசப் பயணமோ பெற்றுக்கொண்டு ஒன்றைச் சிபாரிசு செய்பவர், அது விளம்பரமே என்பதைத் தெளிவாக அறிவிக்கவேண்டுமென்றும், காணொளியானால் எழுத்திலும் குரலிலும் சொல்லவேண்டுமென்றும், ஹாஷ்டேக் கும்பலுக்குள் அதை ஒளித்துவைக்கலாகாதென்றும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பொய்யான விளம்பரத்துக்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளருக்கு மட்டுமன்றி, தக்க விசாரணையின்றிச் சிபாரிசு செய்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

இனிப் பரிகாரத்தைக் கவனமாகக் கேளுங்கள். முதற்காரியம், அந்தக் காணொளியைத் திரைப்பதிவு செய்து, அதன் இணைப்பு, கணக்கின் பெயர், பார்த்த தேதி ஆகியவற்றைக் குறித்துவைப்பது. 'ஸ்டோரி' 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், மற்றதையும் எந்த நிமிஷமும் நீக்கிவிடலாம் என்பதால், நாளைக்கென்று தள்ளாதீர்கள். பில், யுபிஐ பரிவர்த்தனை எண், அனுப்புநர் முகவரியுள்ள பார்சல் உறை, உடம்புக்குக் கெடுதியானால் மருத்துவர் சீட்டு ஆகியவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைப் பெறுங்கள். பொருளே அனுப்பாமல் பணத்தைச் சுருட்டிய மோசடியானால், தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள்.

மூன்றாவது, விளம்பரத்தின் மீது நடவடிக்கை கோரி, மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்திலேயே கொடுக்கலாம். 'இதெல்லாம் டில்லி சமாசாரம்' என்று சட்டத்தைப் புரட்டிப் பாராமலே திருப்பியனுப்பும் உத்தியோகஸ்தர் எதிர்ப்பட்டால், அத்தகைய புகாரை ஆட்சியரிடமே கொடுக்கலாம் என்று அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு சொல்வதை மனுவின் தலைப்பிலேயே எழுதிக் காட்டி, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

நான்காவது, நஷ்டஈடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊர்க்காரராயினும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள்ளானால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவும் தாக்கல் செய்யலாம், கெடு இரண்டு வருஷம்.

மீண்டும் சொல்கிறேன்: ஆதாரமில்லாத மனுவுக்குப் பலமில்லை. ஏமாந்தவர்கள் காணொளியை இன்றே பதிந்துவைத்து, வருகிற திங்கட்கிழமையே மனுவைக் கொடுங்கள்.