தூஃபானி: இந்தியா வாங்கிய பிரெஞ்சு ஜெட்

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பு புகுந்து விக்கிரகமாகும். இன்றைய ஜெட் எஞ்சின்களின் டர்பைன் பிளேடுகளும் இதே மெழுகு வார்ப்பில்தான் பிறக்கின்றன. வண்டலின் இடத்தில் பீங்கான் பூச்சு, ஐம்பொன்னின் இடத்தில் நிக்கல் கலவை, அவ்வளவே.

இந்த வார்ப்புமுறை பரவலாவதற்கு முன்பு, பிளேடுகளைச் சம்மட்டியாலும் அச்சாலும் அடித்தே உருவாக்கிய காலத்து விமானம் தூஃபானி. பிரான்ஸின் தஸ்ஸோ நிறுவனம் ஊராகான் என்ற பெயரில் வடிவமைத்தது; தூஃபானி நாம் வைத்த பெயர். 1949இல் முதன்முதலாகப் பறந்தது. 1953 அக்டோபரில் முதல் நான்கு விமானங்கள் டெல்லியின் பாலம் விமானதளத்தில் வந்திறங்கின. மொத்தம் நூற்றுக்குச் சற்று மேல் வாங்கினோம். போர் ஜெட்டுக்குப் பிரிட்டனை மட்டுமே நம்பியிருந்த விமானப்படைக்கு அது துணிச்சலான முடிவு.

அதன் நீன் எஞ்சின் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் வடிவமைப்பு. முன்னால் நுழையும் காற்றை ஒரு சக்கரம் சுழன்று அழுத்தும். ஒன்பது அறைகளில் எரிபொருள் எரியும். சீறிவரும் வெப்பவாயு டர்பைனைச் சுழற்றிவிட்டுப் பின்புறம் பாயும். டர்பைன்தான் அந்தச் சக்கரத்தையும் சுழற்றுகிறது. பழுக்கக் காய்ந்த நிலையில், நிமிடத்துக்கு 12,000 சுற்று வேகத்திலும் பிளேடு நீளக்கூடாது, முறியக்கூடாது. ஜெட் யுகத்தின் கடினமான கணக்கு இதுதான்.

இன்னொரு கணக்கு சிறகில் இருந்தது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது சிறகின்மேல் அதிர்ச்சி அலை எழுந்து விமானத்தைத் தடுக்கும். சிறகைப் பின்னோக்கிச் சாய்த்தால் அந்தத் தொல்லை தள்ளிப்போகும். கொரியப் போரில் மிக்-15, சேபர் விமானங்கள் இதை உலகுக்குக் காட்டின. தூஃபானியின் சிறகோ ஏறக்குறைய நேரானது. ஆகவே வான்சண்டையில் பின்தங்கியது. ஆனால் தாழப் பறக்கும்போது ஆடாமல் நின்று, நான்கு 20 மி.மீ. பீரங்கிகளால் சுடவும் குண்டு வீசவும் ஏற்றதாக இருந்தது.

1957இல் சாய்ந்த சிறகுள்ள மிஸ்டேர் விமானம் வந்ததும் தூஃபானி தரைத்தாக்குதலுக்கே ஒதுங்கியது. 1961இல் டையூவில் போர்த்துகீசியர்களைத் தாக்கியது. அதன் வரலாற்றில் எனக்குக் கசப்பான பக்கம் 1966 மார்ச் மாதம். மிசோ கிளர்ச்சியை அடக்க தூஃபானிகளும் ஹன்டர் போர் விமானங்களும் ஐஸ்வால் நகரைத் தாக்கின. அங்கே வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள்.