எலும்பில் எழுதிய வமிசாவளி

ஒருவன் முகச்சாயலைக் கண்டு, அவன் இன்னார் மகனெனக் கூறுதல் நம்மவர் வழக்கம். அவ்வாறு கூறி நாம் ஏமாறுவதும் உண்டன்றோ? அழிந்தொழிந்த உயிர்களின் உறவை ஆராயும் விஞ்ஞானிகளுக்கும் இவ்விடர் நேர்வதுண்டு. ஜமைக்காத் தீவின் குரங்கொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

1920-ஆம் ஆண்டில் ஹாரல்டு அந்தோணி என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், அத்தீவின் லாங் மைல் குகையில் இக்குரங்கின் கீழ்த்தாடையெலும்பைக் கண்டெடுத்தார். 1952-இல் வில்லியம்ஸ், கூப்மன் என்னும் இருவர் இதற்கு 'ஜீனோத்ரிக்ஸ்' எனப் பெயரிட்டனர். ஆனால், இதன் சுற்றத்தார் யாவர்? மூன்றாம் கடைவாய்ப்பல் இல்லாமையால் மார்மோசெட் என்னும் சிறு குரங்கினத்தோடு இதனைச் சேர்த்தனர் சிலர். இரவில் உலாவும் ஆந்தைக் குரங்கே உறவென்றனர் சிலர். தென் அமெரிக்க டிட்டிக் குரங்கே என்றனர் வேறு சிலர். பின்னர்க் கிடைத்த காலெலும்புகளோ கொறிக்கும் பிராணிகளின் காலெலும்புகளை ஒத்திருந்து, குழப்பத்தை மிகுவித்தன.

இவ்வழக்கைத் தீர்க்க வந்த சாட்சி டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளாகும். நான்கு வகை இரசாயனக் கூறுகள் சங்கிலிபோல் நிரலாய் அமைந்த இப்பொருளைப் பெற்றோரிடமிருந்து மக்கள் பெறுகின்றனர். தலைமுறைதோறும் அந்நிரலிற் சிறுசிறு மாறுதல்கள் சேர்கின்றன. ஆதலின் இரண்டு உயிர்களின் நிரல்களை ஒப்பிடுங்கால், வேறுபாடு குறையக் குறைய உறவு நெருங்கியதெனக் கொள்ளலாம். உயிர் நீங்கியபின் இச்சங்கிலி துண்டுதுண்டாகச் சிதைகின்றது. வெப்பமும் ஈரமும் அச்சிதைவை விரைவாக்குகின்றன. போதாக்குறைக்கு, எலும்பைத் தொடுவார் கையிலுள்ள மரபுப் பொருளும் அதனோடு கலந்துவிடக்கூடும். எனவே, வெப்பத் தீவொன்றின் எலும்பிலிருந்து இதனைப் பெறுதல் எளிதன்று.

இத்தடைகளைக் கடந்து, 2018-இல் அறிஞர் சிலர் இக்குரங்கின் நிரலைப் படித்து வெளியிட்டனர். அது டிட்டிக் குரங்கின் கிளையே என்பதும், ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அக்கிளையின் ஏனைய இனங்களினின்று பிரிந்ததென்பதும் விளங்கின. டிட்டிக்கு மூன்றாம் கடைவாய்ப்பல் உண்டு. அது மரங்களிற் சுறுசுறுப்பாய்த் தாவுவது. அவ்வழிவந்த ஒன்று, கடல் சூழ்ந்த தனி வாழ்வில், தன் உறவினர்க்கும் அடையாளந் தெரியாதவாறு பல்லும் காலும் மாறிப்போயிற்று.

உருவ ஒப்புமையொன்றே உறவுக்குச் சான்றாகாதென்பதை இதனால் அறிகின்றோம். எலும்பை அளந்தவர் உழைப்பும் வீண்போகவில்லை. அவருள் ஒரு சாரார் கருத்தே நிலைபெற்றது. மனிதர் ஜமைக்காவிற் குடியேறிய பின்னரும் இக்குரங்கு வாழ்ந்திருந்ததென்பர். இன்றோ கரீபியன் தீவுகளுக்கே உரிய குரங்கு ஒன்றேனும் இல்லை. உறவினரை இன்னாரென அறிந்துகொண்டோம், காணத்தான் கொடுத்துவைக்கவில்லை.