உங்களுக்குத் தெரியுமா? குண்டு விழும் ஊருக்கு ரொட்டி கொண்டுபோகிறவர்கள்

● காயம்பட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்த ஊர்க்காரரை எந்தப் படையும் தொடக்கூடாது என்று 1864லேயே எழுதிவைத்துவிட்டார்கள். முதல் ஜெனீவா ஒப்பந்தத்தில் மொத்தம் பத்துப் பிரிவுகள்தான். அதில் ஐந்தாவது பிரிவு இதைச் சொல்கிறது. காரணம், 1859இல் வட இத்தாலியின் சால்ஃபெரினோவில் நடந்த போர். பக்கத்து ஊரான காஸ்டிலியோனேயின் பெண்கள், தேவாலயத்தில் கிடந்த வீரர்களுக்கு எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் கட்டுப்போட்டார்கள். அங்கே தற்செயலாக வந்திருந்த சுவிஸ் வணிகர் ஆன்ரி துனானும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு விதை போட்டது அந்த நாட்கள்தான்.

● காந்தியும் போர்முனைத் தொண்டராக இருந்தவர். 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது அவர் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அதில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு அப்படிப் போனவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். சுடும் எல்லைக்குள் வரவேண்டியதில்லை என்பதுதான் இந்தப் படைக்கான ஏற்பாடு. ஆனாலும் ஸ்பியன் காப் குன்றில் நிலைமை முற்றியபோது, குண்டு பாயும் இடத்துக்குள்ளேயே போய்த் தூக்குக்கட்டிலில் ஆட்களைச் சுமந்து வந்தார்கள்.

● காயம்பட்டவருக்கு உதவ அடையாள அட்டையோ அரசு உத்தரவோ தேவையில்லை. "தாமாகவே முன்வந்து" உதவும் பொதுமக்களைத் துன்புறுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்பது ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977இன் முதல் கூடுதல் நெறிமுறை, 17ஆம் பிரிவு.

● உணவும் மருந்தும் கொண்டுபோகிறவர்களுக்குச் சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. அதே நெறிமுறையின் 71ஆம் பிரிவு நிவாரணப் பணியாளர்களைக் காக்கிறது. ஆனால் அவர்கள் வேலை செய்யும் பகுதி யார் கையில் இருக்கிறதோ அவர்களின் சம்மதம் வேண்டும். ஐ.நா. பணியாளர் பாதுகாப்புக்கென்றே 1994இல் ஓர் ஒப்பந்தம் வந்தது. ஐ.நா.வோடு முறைப்படி இணைந்த அமைப்புகள் வரைக்கும்தான் அதன் கை நீளும். நாலு நண்பர்கள் காசு போட்டு ஒரு பழைய வேன் வாங்கி மாவும் மாத்திரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அவர்களும் பொதுமக்கள்தான், அவர்களைத் தாக்குவதும் குற்றம்தான். ஆனால் அந்தச் சம்மதமோ இணைப்போ இல்லாவிட்டால், இந்த ஒப்பந்தங்களில் அவர்களுக்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

● 2024இல் உலகெங்கும் கொல்லப்பட்ட நிவாரணப் பணியாளர்கள் 383 பேர் என்கிறது ஐ.நா. முந்தைய ஆண்டில் 293. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அல்லர், அந்தந்த மண்ணின் மக்கள்.

● இலங்கையின் மூதூரை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? சுனாமிக்குப் பிறகு கிழக்கு மாகாணத்தில் குடிநீர், சுகாதார வேலை செய்துகொண்டிருந்தது 'பட்டினிக்கு எதிரான நடவடிக்கை' என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம். 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சண்டை வெடித்தது. அங்கே மாட்டிக்கொண்ட உள்ளூர்ப் பணியாளர்களிடம், அலுவலகத்திலேயே இருங்கள் என்று சொல்லப்பட்டது. தெரிந்த கட்டிடம், நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை, இரண்டும் காப்பாற்றும் என்ற நம்பிக்கை. ஆகஸ்ட் 4ஆம் தேதி பதினேழு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர்கள், ஒரு முஸ்லிம். நிறுவனத்தின் சட்டையோடு, குப்புறக் கிடந்த நிலையில் உடல்களைக் கண்டார்கள். அரசுப் படைகளே பொறுப்பு என்று நோர்டிக் நாடுகளின் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு சொன்னது, அரசு மறுத்தது. விசாரணைக் கமிஷன் வந்தது, போனது. தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

● பாதையையும் நேரத்தையும் முன்கூட்டியே ராணுவத்திடம் சொல்லிவிட்டுப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதுவும் காப்பாற்றும் என்று சொல்வதற்கில்லை. 2024 ஏப்ரல் 1 அன்று காசாவின் தெய்ர் அல் பலாவில், 'வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்' என்ற உணவுத் தொண்டு நிறுவனத்தின் வண்டிகள் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வந்தன. கூரையில் நிறுவனத்தின் சின்னமும் இருந்தது. மூன்று வண்டிகளையும் இஸ்ரேலிய ட்ரோன்கள் அடுத்தடுத்துத் தாக்க, ஏழு பேர் இறந்தார்கள். ஆளை மாற்றி நினைத்துவிட்டோம் என்ற ராணுவம், இரவில் ட்ரோன் கேமராவுக்குக் கூரைச் சின்னம் தெரியவில்லை என்றது. மறு ஆண்டு மார்ச் 23 அன்று ராஃபாவில் மீட்பு, நிவாரணப் பணியாளர் பதினைந்து பேர் இஸ்ரேலியப் படையால் கொல்லப்பட்டார்கள். வண்டிகள் விளக்கில்லாமல் வந்ததாக ராணுவம் முதலில் சொன்னது. இறந்தவர் ஒருவரின் கைபேசியில் பதிவான காட்சி வெளிவந்தது. அதில் ஆம்புலன்ஸ்களின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

● நம் ஊரில் டாக்டர் காரிலும் மருந்துக்கடைப் பலகையிலும் ஒட்டியிருக்கும் சிவப்புச் சிலுவை சட்டவிரோதம். இந்தியாவின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டம், 1960, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அபராதம் 500 ரூபாய் வரை. தொகை சிறிது, ஆனால் தடையில் அர்த்தம் இருக்கிறது. போர்க்களத்தில் இந்தச் சின்னத்தைப் பார்த்ததும் துப்பாக்கி தாழவேண்டும் என்றால், அது வேறு எதற்கும் ஒட்டப்படாத சின்னமாக இருந்தாக வேண்டும்.

● உக்ரைனின் கெர்சான் பகுதிச் சாலைகளின் மேல் இப்போது வலைப்பந்தல் போட்டிருக்கிறார்கள். சின்ன ட்ரோன்கள் வண்டிகளைத் துரத்தி வந்து தாக்குவதால், இறக்கை வலையில் சிக்கட்டும் என்ற ஏற்பாடு. பிரான்சின் பிரிட்டனிக் கடலோர மீனவர்கள் கழித்துப்போட்ட வலைகளைத் தன்னார்வலர்கள் சேர்த்து அங்கே அனுப்பினார்கள். வயதானவர்களை ஊரைவிட்டு அழைத்துவரப் போகும் தொண்டர்கள் சிலர், வங்கிப் பணம் ஏற்றிய பழைய கவச வேன்களை ஓட்டுகிறார்கள். ட்ரோன் நெருங்கினால் ஒலியெழுப்பும் சிறு கருவியும் கையில் இருக்கும். கவசம் இல்லாத காரில் போனவர்களின் கதி தெரிந்ததே: 2023 செப்டம்பரில் சாசிவ் யார் என்ற ஊருக்கு அருகே ஒரு சிறு தொண்டு அமைப்பின் கார் தாக்கப்பட்டு இருவர் இறந்தனர்.

● சூடானில் 2023 ஏப்ரலில் போர் தொடங்கியதும் தெருவுக்குத் தெரு இளைஞர்கள் 'அவசர உதவி அறைகள்' அமைத்தார்கள். பொதுச் சமையல், தண்ணீர், மருந்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. பணம் கைபேசி வங்கிச் செயலி வழியாக வரும். ராணுவமும் சரி, எதிரணித் துணைப்படையும் சரி, எதிராளிக்கு உளவு பார்ப்பதாகச் சொல்லி இவர்களைப் பிடித்துக்கொண்டு போகின்றன. அதனால் பலர் தங்கள் பெயரை வெளியே சொல்வதில்லை. 2025ஆம் ஆண்டின் ராஃப்டோ மனித உரிமைப் பரிசு இவர்களுக்குத்தான்.

● செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு தன் தொண்டர்களுக்கு விபத்துக் காப்பீடு ஏற்பாடு செய்திருக்கிறது. கால் போனாலோ உயிர் போனாலோ குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்கும். சூடானில் பொதுச் சமையலுக்கு அடுப்பு மூட்டும் இளைஞருக்கும், கெர்சானில் சொந்த வேனை ஓட்டிப்போகிறவருக்கும் அப்படியொரு காப்பீட்டை வாங்கித்தர நன்கொடையாளர்கள் முன்வந்தால், அது மாவு மூட்டைக்குக் கொடுக்கும் பணத்துக்கு எந்த விதத்திலும் குறைந்த உதவி அல்ல. நிவாரணத்துக்குப் பணம் அனுப்புகிறவர்கள், அந்தப் பொருளை ஏற்றிப்போகிறவருக்குக் கவச உடையும் ரத்தம் நிறுத்தும் கட்டுப்பட்டையும் இருக்கிறதா என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள்.