நினைவு வெள்ளி நாணயங்கள்: கொடுக்கும் விலை எதற்கு?

யுத்த வரலாற்றுக் காட்சிகள் பொறித்து, வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் வெளியிடப்படும் வெள்ளி நாணயங்களை வாங்கி வைத்தால் இலாபம் கிடைக்குமா என்று வியாபாரச் சகோதரர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கின்றனர். ஆசைக்குச் சேர்ப்பதாயின் தாராளமாக வாங்கலாம். கடை முதலை எடுத்து வாங்குவதாயின் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

ஒரு நாணயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் அரச நாணயச்சாலை, அந்நாட்டு மரைன் படையின் 230ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2005இல் ஒரு வெள்ளி டொலரை வெளியிட்டது. 1945 பெப்ரவரி 23ஆம் திகதி ஐவோ ஜிமா தீவில் வீரர்கள் கொடி நாட்டியதை ஜோ ரோசன்தால் எடுத்த புகழ்பெற்ற புகைப்படமே அதன் முகப்பு. ஐந்து இலட்சம் நாணயங்கள்தான் என்றிருந்தது. கிராக்கி கூடியதும் எல்லையை ஆறு இலட்சமாக உயர்த்தினார்கள். ஏறக்குறைய அத்தனையும் விற்றுப்போயின. ஆறு இலட்சம் இருக்கும் பொருளை அரிய பொருள் என்று எப்படிச் சொல்வது?

இனி விலையைப் பாருங்கள். நாணயத்தின் எடை 26.73 கிராம். அதில் 90 வீதம் வெள்ளி, மீதி செம்பு. அதாவது சுத்த வெள்ளி 24 கிராம் சொச்சம். அந்த ஆண்டில் ஓர் அவுன்ஸ் வெள்ளி சுமார் 7 டொலர் என்பதால், உள்ளிருந்த வெள்ளியின் பெறுமதி ஆறு டொலருக்கும் குறைவு. விற்ற விலையோ 35 டொலர் அளவில். அதில் 10 டொலர் மரைன் படையின் மரபுரிமை நிலையத்துக்கான நன்கொடை. நன்கொடைப் பணத்தை வாங்கியவருக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

2011 ஏப்ரலில் வெள்ளி அவுன்ஸ் 48 டொலரைத் தொட்டபோது இதே நாணயத்தின் வெள்ளி மட்டும் 37 டொலர் பெறுமதியானது. உயர்த்தியது உலோகம், வரலாறும் அல்ல, எண்ணிக்கையும் அல்ல. அப்படியாயின் செட்டியார் தெருவில் வெள்ளிக்கட்டி வாங்கியவருக்கு இன்னும் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

ஆகவே வாங்குமுன் வெளியிட்டவர் யார், சுத்த வெள்ளி எத்தனை கிராம், அச்சிட்டது எத்தனை என்று கேளுங்கள். வெள்ளி முலாம் பூசிய பதக்கங்களையும் ‘நாணயம்’ என்று விற்பவர்கள் உண்டு. பெட்டியையும் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள். கறுத்துவிட்டதே என்று வீட்டில் துலக்கிவிடாதீர்கள். துலக்கிய நாணயத்துக்குச் சேகரிப்பாளர்கள் விலை குறைப்பார்கள்.

வெள்ளியும் பணமும் கைக்குக் கை மாறவேண்டும் என்பது நாம் அறிந்த விதி. எனவே தவணைக்கோ, முன்பணம் கட்டிக் காத்திருந்தோ வாங்க எண்ணுபவர்கள் முதலில் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஸகாத்தையும் மறக்க வேண்டாம். நிஸாப் 595 கிராம் என்று கொண்டால், இத்தகைய நாணயங்கள் 25 சேர்ந்தாலே அளவு நிறைந்துவிடும். விற்பதற்கென்று வாங்கியிருந்தால் எடையை அல்ல, ஆண்டு பூர்த்தியாகும் நாளின் சந்தை விலையையே கணக்கில் எடுக்க வேண்டும்.