முள்ளுக்காட்டுக்குள் கொள்ளுத்தாத்தா கல்லறை: எங்கிருந்து தேடுவது?

நெல்லை, தூத்துக்குடி பக்கம் பழைய கிறிஸ்தவக் கிராமங்களில் பல கல்லறைத் தோட்டங்களைச் சீமைக் கருவேலம் பிடித்துக் கிடக்கிறது. குடும்பம் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். "தாத்தா அங்கதான் எங்கயோ இருக்காரு" என்பதோடு தகவல் முடிந்துவிடும்.

உடனே அரிவாளோடு இறங்க வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது சபையின் அடக்கப் பதிவேடு. பெயர், வயது, அடக்கம் நடந்த தேதி, நடத்திய குருவானவர் எல்லாம் வழக்கமாக அதில் இருக்கும். ஊர் அன்றைக்கு வேறு சேகரத்தோடு இருந்திருந்தால், பதிவேடும் அங்கேதான் கிடக்கும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். அப்பா பெயரும் தெரிந்திருப்பது நல்லது.

ஆன்லைனில் கிடைக்காதா? 1905இல் ஜே.ஜே. காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளின் பட்டியல் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் அடக்கப் பதிவுகள் இருக்கின்றன. இரண்டிலும் பெரும்பாலும் ஐரோப்பியர்தான். ஊர் உபதேசியாருக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அந்தச் சபைப் பதிவேடு ஒன்றுதான் ஆதாரம். கரையான் அரித்தால் போச்சு! அனுமதி வாங்கி, பக்கத்தை போட்டோ எடுத்துவிடுங்கள்.

கல் கிடைத்தாலும் அடுத்த சிக்கல், எழுத்து. 'கஅஎசு' மாதிரி ஏதோ தெரிந்தால் அது பெயரல்ல, வருடம். பழைய தமிழ் எண்ணில் ௧௮௭௬, அதாவது 1876. இதையே ௲௮௱௭௰௬ என்றும் எழுதுவார்கள். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. வருடம் 1051 என்றிருந்தால் மிரள வேண்டாம். தென்மாவட்டங்களில் புழங்கிய கொல்லம் ஆண்டாக இருக்கும். 825 கூட்டினால் 1876. மாதத்தைப் பொறுத்து ஒரு வருடம் குறையலாம்.

எழுத்து தெரியவில்லை என்று ஆசிட், கம்பி பிரஷ் பக்கம் போகவே கூடாது. இருக்கிற எழுத்தும் போய்விடும். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். சாயங்கால வெயிலோ செல்போன் டார்ச்சோ பக்கவாட்டில் விழுந்தால், தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பி நிற்கும். கருவேலத்தை வேரோடு பிடுங்கினால் கல்லும் சேர்ந்து பெயரும். தரையோடு வெட்டுவதே பாதுகாப்பு. பாம்பு இருக்கும், ஷூ போட்டுப் போங்கள்.

கல்லே இல்லாத கல்லறைகளும் நிறைய. வசதியில்லாத வீட்டில் மண்மேடும் மரச்சிலுவையும்தான். அதற்கு ஊர்ப் பெரியவர்களும் கோயில் குட்டியாரும்தான் வழி. "மேலப் புளியமரத்துக்குக் கிழக்கே, உங்க பெரியாச்சி பக்கத்துல" என்று ஒரு வார்த்தை வரும். இடம் உறுதியானால் அங்கேயே நின்று கூகுள் மேப்பில் பின் போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிடுங்கள். வெட்டிய கருவேலம் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும்.